பதிப்புரிமையும் நாட்டுடைமையும்: நாமக்கல் கவிஞர் படைப்புகளையும் கொங்கு வாய்மொழி மரபையும் முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

படைப்புகளுக்கு இந்தியச் சட்டம் வழங்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பைத் தமிழ் ஆய்வாளரின் தேவை நோக்கி விளக்குவது இக்கட்டுரை. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நூல்களும் அவருடைய ‘மலைக்கள்ளன்’ புதினத்தின் திரைவடிவமும் முதன்மைச் சான்றுகளாகின்றன. தமிழகத்திற்கே உரிய ‘நாட்டுடைமை’ என்னும் நடைமுறைக்கும் சட்டத்தின் சொற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி, செம்பதிப்பாளரின் உரிமை, வாய்மொழிப் பாடகரின் நிலை, மேற்கோளின் எல்லை ஆகியவை ஆராயப்படுகின்றன. களத்தில் ஒலிப்பதிவு செய்யும் ஆய்வாளர் பாடுபவரை ‘தகவலாளி’ என்று மட்டும் குறித்துவிட்டுக் கடந்துசெல்வது சட்டத்தின் பார்வையிலும் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: பதிப்புரிமை, நாட்டுடைமை, நாமக்கல் கவிஞர், மலைக்கள்ளன், அண்ணன்மார் கதை, நிகழ்த்துநர் உரிமை, செம்பதிப்பு, மேற்கோள்.

முன்னுரை

காவிரியின் குறுக்கே ஜேடர்பாளையத்தில் அமைந்த படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதன் தொகுதியைச் சேர்ந்த கிளைகளுள் ஒன்று மோகனூர் வாய்க்கால். அவ்வாய்க்கால் பெயர் தாங்கும் மோகனூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று பிறந்தவர் நாமக்கல் கவிஞர். 1930ஆம் ஆண்டு வேதாரண்யம் உப்பு அறப்போர் நடைப்பயணத்தில் தொண்டர்கள் பாடிச் சென்ற வழிநடைப் பாடல் அவர் இயற்றியது. சென்னை மாகாண அரசின் அவைக்களக் கவிஞராக 1949இல் அமர்ந்தார். 1971இல் பத்மபூஷண் பெற்றார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று மறைந்தார். 1990களின் பிற்பகுதியில் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது.

‘நாட்டுடைமை ஆகிவிட்டது, இனி யாரும் எதையும் செய்துகொள்ளலாம்’ என்பது தமிழ்த்துறைகளில் பரவலாக நிலவும் எண்ணம். இதன் மறுதலையாக, ‘நூலின் முகப்பில் உரிமை ஆசிரியருக்கே என்று அச்சிட்டிருக்கிறது, நான்கு வரிக்கு மேல் எடுத்தாளக் கூடாது’ என்ற அச்சமும் உண்டு. இவ்விரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைத் தமிழ்ப் படைப்புகளின் வழியே காண்பது பயனுடையது. இசையமைப்பாளர்களின் வழக்குகள் செய்தித்தாள்களில் இடம்பெறும் அளவிற்கு நூல்களின் உரிமைச் சிக்கல்கள் பேசப்படுவதில்லை. ஆயினும் தமிழாய்வாளர் நாள்தோறும் கையாள்வன நூல்களே.

சொல்லும் பொருளும்

இத்துறையின் முதற் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. ‘காப்புரிமை’ என்னும் சொல் தொழில்நுட்பக் கண்டுபிடிப்புக்குத் தரப்படும் உரிமத்தையும் நூலுக்குரிய உரிமையையும் ஒருசேரக் குறித்துவருகிறது. இவை வேறுவேறு சட்டங்களின் கீழ் வருவன. ‘பதிப்புரிமை’ என்னும் சொல் ஓரளவு தெளிவானது. ஆனால் பதிப்பகத்தாரின் உரிமை என்ற தவறான பொருளைத் தந்துவிடுகிறது. சட்டப்படி உரிமையின் முதல் உடைமையாளர் ஆசிரியரே. பதிப்பகம் அவரிடமிருந்து எழுத்து வழியாகப் பெற்றதை மட்டுமே வைத்திருக்கிறது. ‘படைப்புரிமை’ என்பதே பொருத்தமான சொல் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். எனினும் வழக்கில் வேரூன்றிய பதிப்புரிமை என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

இந்தியாவில் 1847ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் பிரித்தானியச் சட்டத்தை அடியொற்றிய 1914ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையிலிருக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் செயற்பட்டு வருகிறது. 1992, 1994, 1999, 2012 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் தமிழாய்வாளருக்கு முதன்மையானவை.

உரிமை பிறக்கும் இடம்

படைப்பைப் பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பது தவறு. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு அலுவலகத்தில் பதிவு செய்வது பின்னாளில் வழக்கு எழுந்தால் சான்றாக உதவும்; அவ்வளவே.

கருத்துக்கு உரிமை இல்லை. அக்கருத்தை வெளியிட்ட வடிவத்திற்கே உரிமை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக நிலைநாட்டியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’ திரைப்படத்தை இங்கு நினைக்கலாம். அதன் கதைக்கரு குண்டலகேசி மரபிலிருந்து வந்தது. அம்மரபு யாருக்கும் சொந்தமில்லை. நாளை வேறொருவர் அதே கருவைக் கொண்டு நாடகம் எழுதத் தடையில்லை. ஆனால் மு. கருணாநிதி எழுதிய உரையாடல் தனிப் படைப்பு. தமிழ் ஒப்பியல் ஆய்வுகளில் ‘தழுவல்’, ‘தாக்கம்’, ‘களவு’ என்ற மூன்று சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகின்றன. சட்டம் மூன்றாவதை மட்டுமே, அதுவும் வடிவத்தை எடுத்தாண்டபோது மட்டுமே கேள்விக்கு உட்படுத்துகிறது. தலைப்புகளுக்குத் தனித்த பதிப்புரிமை இல்லை என்பதையும் 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியுள்ளது.

‘மலைக்கள்ளன்’: ஓர் உரிமை, பல இழைகள்

பதிப்புரிமை என்பது ஒற்றை உரிமையன்று. பல உரிமைகளின் கட்டு. இதனை விளக்க ‘மலைக்கள்ளன்’ போன்று வாய்ப்பான சான்று கொங்குப் பகுதியில் வேறில்லை. நாமக்கல் கவிஞரின் இப்புதினத்தைக் கோவைப் பட்சிராஜா நிறுவனம் 1954இல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில் திரைப்படமாக்கியது. எம்.ஜி. இராமச்சந்திரன் நடித்தார், உரையாடல் மு. கருணாநிதி. படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கில் ‘அக்கி ராமுடு’ எனவும் இந்தியில் 1955இல் ‘ஆசாத்’ எனவும் வெளிவந்தது. மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் உருப்பெற்றது.

இப்போது இழைகளைப் பிரித்துப் பார்க்கலாம். புதினத்தை அச்சிடும் உரிமை ஒன்று. மொழிபெயர்க்கும் உரிமை மற்றொன்று. திரைப்படமாக்கும் உரிமை வேறொன்று. மூன்றையும் மூவருக்குக் கொடுக்க ஆசிரியருக்கு வழியுண்டு. திரைப்படம் உருவானதும் அதற்கெனத் தனிப் பதிப்புரிமை தோன்றுகிறது. அது தயாரிப்பாளருக்கு உரியது. உரையாடலும் பாடல்களும் இலக்கியப் படைப்புகள் என்ற முறையில் மேலும் சில இழைகளைச் சேர்க்கின்றன. ஆகவே ஒருவர் ‘மலைக்கள்ளன்’ புதினத்தை மறுபதிப்புச் செய்யும்போது திரைப்படத்தின் நிழற்படம் ஒன்றை அட்டையில் இட்டால், புதினத்தின் நாட்டுடைமை அந்தப் படத்திற்கு உதவாது.

காலக் கணக்கும் வேறுபடுகிறது. திரைப்படத்திற்கு வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கை இட்டால் 1954இல் வெளியான படத்தின் உரிமை 2014 முடிவுடன் தீர்ந்திருக்கும். (படம் பிறந்தபோது நடைமுறையிலிருந்த 1914ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படத்தைத் தனிவகையாகவே எண்ணவில்லை, எனவே பழைய படங்களின் உரிமைநிலை இன்னும் சிக்கலானது.) புதினத்திற்கோ ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து கணக்கு. நாட்டுடைமை நிகழாதிருந்தால் அது 2032 டிசம்பர் 31 வரை நீடித்திருக்கும். மூலத்திற்கு முன்பே அதன் வழிவந்த வடிவம் பொதுவுக்கு வந்துவிடும் இந்நிலை முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். உரிமைகள் தனித்தனி என்பதை ஏற்றபின் இதில் முரணில்லை.

கவிஞர் ஓவியரும்கூட. ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு. திரைச்சீலையை விலைக்கு வாங்கியவர் அச்சீலைக்கு உடைமையாளர் ஆகிறாரேயன்றி, அதை அச்சிட்டு விற்கும் உரிமையைத் தாமாகப் பெறுவதில்லை. ‘நூல்கள்’ நாட்டுடைமை ஆயின என்னும்போது ஓவியங்களும் அதனுள் அடங்குமா என்பதை அரசாணையின் சொற்களைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். பொதுவான எண்ணத்தைக் கொண்டு அன்று.

அறுபது ஆண்டுகள்

இலக்கியப் படைப்புக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 1992 வரை இது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவாகிவிடும் நிலை வந்தபோது காலம் பத்து ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. வங்கக் கவிஞர் ஒருவரை முன்னிட்டு எழுந்த அத்திருத்தம் தமிழ் எழுத்தாளர்களின் கணக்கையும் மாற்றியது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் உரிமை 1998இல் முடிய வேண்டியது, சட்டக் கணக்கில் 2008க்குத் தள்ளிச் சென்றது. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையருக்கு 2002, 1954இல் மறைந்த கல்கிக்கு 2014, 1964இல் மறைந்த பாரதிதாசனுக்கு 2024. இவர்களுள் பலருடைய நூல்கள் அதற்கு முன்பே நாட்டுடைமை ஆகிவிட்டன.

ஆய்வாளர் மிகுதியும் தவறவிடுவது மறைவுக்குப் பின் வெளிவரும் எழுத்துகளின் கணக்கை. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராத எழுத்து, பின்னர் முதன்முதலாக வெளியிடப்படும் ஆண்டிலிருந்தே 60 ஆண்டுகளைப் பெறுகிறது. ஒரு கவிஞரின் கடிதங்களைத் தேடியெடுத்துப் பதிப்பிக்கும் ஆய்வாளர் புதிய உரிமைக் காலம் ஒன்றைத் தொடக்கிவைக்கிறார். ஆனால் அவ்வுரிமை அவருடையதன்று. கடிதத் தாள் பெற்றவருக்கு உரியது. அதன் வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர்வழி வாரிசுகளுக்கும் உரியது. ‘கடிதம் எங்கள் வீட்டில் இருக்கிறது, வெளியிடுங்கள்’ என்று பெற்றவரின் குடும்பத்தார் மனமுவந்து தரும் இசைவு, நல்லெண்ணம் மிக்கதாயினும், போதுமானதன்று.

நாட்டுடைமை: சட்டத்தில் இல்லாத ஒரு சொல்

நாட்டுடைமை என்னும் நடைமுறையின் தொடக்கம் பாரதியின் வரலாற்றில் உள்ளது. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்திருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் வெளியான ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதை ஒட்டி உரிமைப் பூசல் எழுந்தது. நாட்டின் கவியைத் தனியார் ஒருவர் உடைமையாக வைத்திருப்பது முறையா என்ற கேள்வி பொதுமன்றத்தில் வலுப்பெற்றது. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பொருள் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாரதி குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. ஒரு எழுத்தாளரின் பதிப்புரிமையை அரசே வாங்கி மக்களுக்கு விடுவது உலக அளவிலும் அரிதான நிகழ்வு. ஆ.இரா. வேங்கடாசலபதி இவ்வரலாற்றை ஆவணங்கள் வழியே தனி நூலாக எழுதியுள்ளார்.

பாரதிக்கு விதிவிலக்காக நிகழ்ந்தது பிற்காலத்தில் வழக்கமாயிற்று. பாரதிதாசன், அண்ணா, தேவநேயப் பாவாணர், திரு.வி.க., நாமக்கல் கவிஞர், கல்கி, புதுமைப்பித்தன் எனப் பட்டியல் நீண்டது. வாரிசுகளுக்குப் ‘பரிவுத்தொகை’ வழங்கப்படுகிறது. 2024இல் மு. கருணாநிதியின் நூல்கள் தொகை ஏதும் பெறாமல் நாட்டுடைமை ஆயின. தமிழ் இணையக் கல்விக்கழகம் இந்நூல்கள் பலவற்றை மின்வடிவில் வழங்கிவருவது தமிழாய்வுக்குப் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

எனினும் ‘நாட்டுடைமை’ என்னும் சொல் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. சட்டத்தில் உள்ளவை மூன்று வழிகள்: உரிமையை எழுத்து வழியாக மாற்றித்தருதல், உரிமம் வழங்குதல், ஆசிரியர் தம் உரிமையைத் துறத்தல். துறப்பைப் பற்றிய 21ஆம் பிரிவு ‘ஆசிரியர்’ என்றே சொல்கிறது; வாரிசுகளைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே சட்டச் சொற்களைக் கண்டிப்பாகப் படித்தால், வாரிசுகள் வழி நிகழும் நாட்டுடைமையை அரசுக்கு உரிமை மாற்றமும் அதன்பின் அரசு பொதுமக்களுக்குத் தரும் இசைவும் என்றே கொள்ள வேண்டியுள்ளது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உரிமை மாற்றம் எனில், மாற்றித்தந்தவரிடம் அவ்வுரிமை இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் தம் வாழ்நாளிலேயே திரைப்பட உரிமையையோ மொழிபெயர்ப்பு உரிமையையோ வேறொருவருக்கு முழுமையாக எழுதிக் கொடுத்திருந்தால், வாரிசுகள் அதனை அரசுக்குத் தர இயலாது. நாட்டுடைமை அறிவிப்பு அவ்விழையைத் தொடாமலே போகும்.

அரசு தன் விருப்பப்படி அறிவித்துவிட்டால் போதும் என்பதும் உண்மையன்று. 2009இல் எழுத்தாளர் பலரின் நூல்களை நாட்டுடைமையாக்குவதாக அறிவிப்பு வெளியானபோது சுந்தர ராமசாமி, கண்ணதாசன் ஆகியோரின் குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. உரிமையாளரின் இசைவே இதன் அடிப்படை என்பதற்கு அது சான்று.

பொருளாதார உரிமைகள் போனபின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு. சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கு இரண்டு தனி உரிமைகளை வழங்குகிறது. படைப்பு தம்முடையது என்று கோருவது ஒன்று. தம் நற்பெயருக்கு ஊறு நேருமாறு அது சிதைக்கப்படுவதையோ திரிக்கப்படுவதையோ தடுப்பது மற்றொன்று. உரிமையை விற்றுவிட்டாலும் இவை நீங்குவதில்லை. அரசுக் கட்டடச் சுவரில் அமைந்த தம் சுவர்ச்சிற்பத்தை அகற்றிச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அங்கே எதிர்வாதி ஒன்றிய அரசே. நாட்டுடைமை நூல்களை இயல்கள் விடுபட, பாடம் பிழைபட, ஆசிரியர் முன்னுரை நீக்கி அச்சிடுவோர் ‘இது பொதுச்சொத்து’ என்று கூறித் தப்பிக்கொள்ள இப்பிரிவு இடந்தரவில்லை. ஆனால் வழக்குத் தொடுக்கப் பொருளும் பொழுதும் உள்ள வாரிசு எத்தனை பேர்? நடைமுறையில் பிழைபட்ட மலிவுப் பதிப்புகளை ஆய்வுலகமே இனங்கண்டு விலக்க வேண்டியுள்ளது. நாட்டுடைமையின் பெரிய குறை உரிமை இழப்பன்று, பாடக் காப்பின்மை என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

செம்பதிப்பாளர்க்கு உள்ளது என்ன?

சங்க இலக்கியத்திற்கு யாரும் உரிமை கோர இயலாது. ஆயின் உ.வே. சாமிநாதையர் எழுதிய முகவுரையும் குறிப்புரையும் அவருடைய படைப்புகள். இது எளிது. பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுத் தேர்ந்து அமைத்த மூலபாடம்? அதில் பதிப்பாசிரியரின் உழைப்பும் அறிவும் உள்ளன. ஆனால் அவர் தேடியது தம் சொல்லையன்று, மூல ஆசிரியரின் சொல்லை.

இவ்வகைக் கேள்விக்கு அருகில் வரும் தீர்ப்பு 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் பொதுவுக்கு உரியவை. அவற்றைச் செப்பம் செய்து வெளியிட்ட நிறுவனம் உரிமை கோரியது. வெறும் உழைப்பும் செலவும் போதா. குறைந்தளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்றது நீதிமன்றம். பிழைதிருத்தம் போன்ற சிறு மாற்றங்களுக்கு உரிமை இல்லை. பத்தி பிரித்து எண்ணிட்டமை, தலைக்குறிப்பு எழுதியமை முதலியவற்றுக்கு உண்டு. இதனைத் தமிழ்ப் பதிப்புக்குப் பொருத்தினால், எழுத்துப்பிழை நீக்கம் உரிமை தராது. பகுப்பு, வைப்புமுறை, தலைப்பிடல், அடிக்குறிப்பு, பின்னிணைப்பு ஆகியவை தரும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பாடத்தேர்வைப் பற்றி உறுதியாகச் சொல்ல அத்தீர்ப்பு வழி காட்டவில்லை. ஓலையில் சிதைந்த ஓரிடத்தை யாப்பும் பொருளும் கொண்டு நிரப்பிய பதிப்பாசிரியர் படைப்பாற்றலைச் செலுத்தவில்லை என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லமாட்டார்.

2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பை எண்ணுக. கதைகள் பின்னர் நாட்டுடைமை ஆயின. ஆயினும் அப்பதிப்பின் முன்னுரை, காலவரிசை, குறிப்புகள், பின்னிணைப்புகள் நாட்டுடைமை ஆகவில்லை. கதையை அச்சிடலாம், பதிப்பை நகலெடுக்க முடியாது.

பாடியவர் பெயர்

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் வரலாறாக உடுக்கடிப் பாடகர்களின் வாய்வழி வாழ்ந்துவருவது. காங்கயம் பகுதியில் களப்பணி செய்த பிரெண்டா பெக் 1965இல் பாடகர் ஒருவர் பாடியதை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி தமிழும் ஆங்கிலமுமாக நூலாயிற்று. சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி ‘பொன்னர் சங்கர்’ என்று புதினம் எழுதினார். 2011இல் திரைப்படம் வந்தது. புதினத்திற்கும் பதிப்புக்கும் திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவுக்கும் சட்டம் உரிமையாளரைக் காட்டுகிறது. கதைக்கு உரிமையாளர் இல்லை; அது முறையே. பாடியவருக்கு?

1965இல் சட்டம் அவருக்கு எதையும் தரவில்லை. நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி 1995 மே மாதம் முதல்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இன்று நடிகர், பாடகர், ஆடுநர், கழைக்கூத்தர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் எனச் சட்டம் வரிசைப்படுத்தும் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகள் உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருபடி மேலே சென்று, நிகழ்த்தியவர் இன்னார் என அடையாளம் காட்டப்படும் உரிமையையும் நிகழ்த்துதல் சிதைக்கப்படாதிருக்கும் உரிமையையும் அவருக்கு வழங்கியது.

ராஜா வாய்க்கால் பாசனத்தில் ஜேடர்பாளையத்தை அடுத்த வயல்களில் நடவு நடும் பெண்களின் பாடலை ஓர் ஆய்வாளர் கைப்பேசியில் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். மரபாக வரும் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை. பதிவின் உரிமை, முயற்சியும் பொறுப்பும் ஏற்றுப் பதிந்த ஆய்வாளருக்கு. பாடியதன் உரிமை பாடியவருக்கு. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும் என்று செய்யும் பதிவு மீறல் ஆகாது என 39ஆம் பிரிவு தெளிவாக விலக்களிக்கிறது. அந்த விலக்கு ‘மட்டும்’ என்னும் சொல்லில் நிற்கிறது. அதே பதிவை யூடியூபில் ஏற்றி விளம்பர வருவாய் பெறும்போது விலக்கின் எல்லை கடக்கப்படுகிறது.

ஒப்பாரியில் நிலைமை மேலும் வேறு. இறந்தவரின் தொழில், குணம், பிள்ளைகள், கடன் என அவ்வேளையில் அப்பெண் இட்டுக்கட்டும் அடிகள் மரபுச் சட்டகத்தில் அமைந்தாலும் புதியவை. எழுத்தில் இருந்தால்தான் இலக்கியப் படைப்பு என்று இந்தியச் சட்டம் வெளிப்படையாக நிபந்தனை இடவில்லை. அவ்வடிகளுக்கு அப்பெண்ணே ஆசிரியர் என வாதிட இடமிருக்கிறது. அப்படியாயின் அவருக்குரியது வெறும் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை அன்று. நாமக்கல் கவிஞருக்கு இருந்த அதே வாழ்நாளும் 60 ஆண்டும். நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் ‘தொகுத்தவர்’ பெயர் அட்டையிலும் பாடியவர் பெயர் (இருந்தால்) பின்னிணைப்பில் ‘தகவலாளி 7’ எனவும் அமையும் வழக்கத்தை இதன் முன்னே வைத்துப் பார்க்க வேண்டும். பாடி முடித்த மூதாட்டி ஒருவர் இக்கட்டுரையாளரிடம் கேட்டது உரிமைத்தொகை அன்று: “எம்பேரு அதுல வருமா கண்ணு?” அக்கேள்விக்கான விடையைச் சட்டம் 2012இலேயே எழுதிவிட்டது.

நாட்டார் வழக்காறுகள் சமூகம் முழுவதற்கும் உரியவை என்ற நிலையில் அவற்றைக் காக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்து நிறுவனமும் இணைந்து 1982இல் மாதிரி விதிகளை வகுத்தன. அவை இங்குச் சட்டமாகவில்லை.

மேற்கோளின் அளவு

எத்தனை வரி எடுத்தாளலாம் என்பதற்குச் சட்டத்தில் எண் இல்லை. 52ஆம் பிரிவு ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப் பயன்பாடு, திறனாய்வு, மதிப்புரை ஆகியவற்றுக்கான ‘நேர்மையான கையாளுகை’யை மீறலிலிருந்து விலக்குகிறது. நேர்மையை எப்படி அளப்பது? 1996இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று இலக்கிய மாணவர் அறியத்தக்கது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்தை மறுத்துச் சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்களையும் உரையாடலையும் கணிசமாக எடுத்தாண்டார். எடுத்தாண்ட அளவும் மதிப்பும், எடுத்தாண்ட நோக்கம், இரு படைப்புகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் நீதிமன்றம் நோக்கியது. மூலத்தின் கருத்தியலைத் திறனாய்வதே நோக்கம் எனக் கண்டு எதிர்நாடகத்திற்கு இடமளித்தது.

ஆகவே ஒரு குறுங்கவிதையை முழுமையாகத் தந்து, அதன் சொல்லமைப்பை மூன்று பக்கம் ஆராயும் கட்டுரை நேர்மையான கையாளுகையே. நாற்பது கவிதைகளை முழுமையாக அச்சிட்டு ஒவ்வொன்றின் கீழும் ‘இக்கவிதை சமூக அவலத்தைக் காட்டுகிறது’ என்று ஒரு வரி எழுதுவது திறனாய்வு என்னும் போர்வையில் அமைந்த தொகைநூல். தமிழில் இத்தகைய நூல்கள் குறைவில்லை.

வகுப்பறைக்கு இன்னும் விரிந்த இடம் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் பாடப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுத்ததற்கு எதிராகப் பன்னாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் செய்யும் நகலெடுப்பு மீறலன்று என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் கூறியது. பாடநூல் என்ற பெயரில் தொகைநூல் அச்சிட்டு விற்கும் துறைகளுக்கு இத்தீர்ப்பு துணையாகாது. வெளியீடாக வரும் தொகைநூலுக்குச் சட்டம் தனி வரம்பு வைத்துள்ளது.

கருத்துத் திருட்டும் பதிப்புரிமை மீறலும் ஒன்றல்ல என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். 1936இல் மறைந்த வ.உ. சிதம்பரனாரின் கட்டுரையைப் பெயர் சுட்டாமல் தம்முடையதாக எழுதினால் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் உரிமையாளர் தடுக்க இயலாது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமைக்கு நடவடிக்கை விதிக்கிறது. எதிர்நிலையாக, மூலத்தை ஒழுங்காகச் சுட்டியபடியே ஒரு நூலை முழுவதும் அச்சிட்டால் அது கருத்துத் திருட்டன்று, பதிப்புரிமை மீறல்.

ஆய்வேடும் கட்டுரையும்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஆசிரியர் ஆய்வாளரே. முதல் உரிமையும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவருடையதே. நெறியாளர் வழிகாட்டியமையால் மட்டும் உடனாசிரியர் ஆவதில்லை. ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றப்படுவது, படிக்கக் கிடைக்கச் செய்யும் இசைவேயன்றி உரிமை மாற்றம் அன்று.

உரிமை உண்மையில் கைமாறுவது பெரும்பாலும் இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் அனுப்பும் உறுதிமொழிப் படிவத்தில். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. எந்தப் படைப்பு, எந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்நிலப்பரப்பு என்பன குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படவில்லை எனில் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை எனில் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. மாற்றிப் பெற்றவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு வகையில் கூறாதபோது, உரிமை அற்றுப்போகும். வாய்மொழியாகவோ கைப்பேசிச் செய்தியிலோ ‘நூலாகப் போட்டுவிடுகிறோம்’ என்று பேசி முடித்த ஏற்பாடுகளில் ஆய்வாளர் கொடுத்தது அச்சிட இசைவு மட்டுமே. நூலுரிமை அவரிடமே இருக்கிறது.

களப்பணியில் பாடியவரிடம் பெறும் இசைவுக்கும் இதே நான்கு வினாக்கள் பொருந்தும்: எந்தப் பாடல், எதற்கு, எவ்வளவு காலம், எங்கெங்கு. எழுதப் படிக்க அறியாதவரிடம் கைநாட்டு வாங்குவதைவிட, இவற்றை அவர் பேச்சிலேயே சொல்லி, அவர் விடையையும் அவர் விரும்பும் பெயரையும் அதே ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. தொகுப்பு அச்சேறும்போது அப்பெயர் பாடலின் தலைப்புக்குக் கீழே, பாடலாசிரியர் பெயர் நிற்கும் இடத்தில் நிற்கலாம்.